சந்தனம் பட்ட ஊசிகள்

குன்னம்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கு, அம்மா இருசம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

எல்லோரும் சுகம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும். எழுதினேன், அடித்துவிட்டேன். சுகமில்லை என்று எழுதலாம் என்றால் அப்படியும் இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. உன் அப்பா கடைக்குப் போகிறார், வருகிறார், சிரித்த முகமாக இருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல்தான் நான் அடுப்படிக்குள் போய்விடுகிறேன்.

போனிலேயே பேசலாமே, இதற்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதைக் கேட்டாலும் சரிம்மா, அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். பத்தாவது வரைக்கும் படித்த கை, சத்துணவுக் கூடத்தில் கரண்டி பிடித்தே எழுத்து கோணிப் போயிருக்கிறது. பொறுத்துக்கொண்டு படி.

மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. குருத்துக்குள் படைப்புழு உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது. மருந்து அடித்தாயிற்று, வேப்பெண்ணெயும் அடித்தாயிற்று. மழை இருட்டிக்கொண்டு வந்து, நம்மைப் பார்த்துவிட்டு அரியலூர் பக்கம் போய்விடுகிறது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் கவலைப்படாதே.

செல்வி, எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்த்தால் எனக்காவது விளங்குமா என்று பார்க்கிறேன். தப்பாக இருந்தால் நீ திருத்து.

ஆயுத பூசைக்கு நீ பெங்களூரிலிருந்து வந்தாய். நான்தான் வா வா என்று நச்சரித்தேன். சென்னையில் ஒரு லேபில் வேலை இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு நாள் தங்கிப் போகிறேன் என்று வந்தாய். மடியில் பிள்ளையை வைத்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை பஸ்ஸில் வைத்துக்கொண்டு வந்தாய். திறந்து காட்டினாய். உள்ளே மெழுகு மாதிரி ஒன்றை நீளமாக ஒட்டி, அதன்மேல் விரல் நீளக் கண்ணாடிக் குழல்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தாய். நுனியில் மை தொட்ட மாதிரி கருப்பு. என்னடி இது என்று கேட்டேன். கரி ஊசிம்மா, உயிரோட இருக்கற செல்லுக்குள்ள இத விட்டா அது சாகாது, அதுக்குத் தெரியக்கூட தெரியாது என்றாய். ஊசி குத்தினது தெரியாமல் எந்த உயிராவது இருக்குமா என்று நான் சிரித்தேன். ஒன்னோட சர்க்கரைக்குத்தாம்மா, கணையத்துல ஒரே ஒரு செல்லு, சர்க்கரை கூடும்போது எத எவ்வளவு வெளிய விடுதுன்னு பாக்கப் போறோம் என்றாய். எனக்கு அப்போதும் புரியவில்லை. ஆனால் என் சர்க்கரை என்றதும் சந்தோஷமாக இருந்தது.

அப்போது உன் அப்பா ஒன்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? எங் கடைக்கு பேரிங் கழட்டற புல்லரும் குறடும் மாதிரி ஒனக்கு இதானா பாப்பா என்று கேட்டார். ஆமாப்பா, இதான் என் ஆயுதம் என்றாய். கீழ மட்டும் போட்டுடாதீங்க என்று சொல்லிவிட்டு, உன்கூடப் படித்த அபிநயாவின் குழந்தையைப் பார்க்கப் பெரம்பலூருக்கு பஸ் ஏறிவிட்டாய். கீழே போடாதே என்றுதான் சொன்னாய், தொடாதே என்று சொல்லவில்லை. சண்டைக்கு வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மோட்டார் காயில் கட்டுகிற கடையில் ஆயுத பூசை என்றால் அவருக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். தீபாவளிக்குப் புதுச்சட்டை இல்லாமல் இருப்பார், ஆயுத பூசைக்கு இருக்க மாட்டார். கடையைக் கழுவிவிட்டு, வாழைக்கன்று கட்டி, புல்லர், குறடு, திருப்புளி, காயில் சுற்றுகிற மிஷின் என்று எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினார். நடுவில் உன் டப்பாவை வைத்தார். எம் பொண்ணு ஆயுதம் இருக்கயில எங் குறடு என்ன பெரிய குறடு என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் திறந்தார். ஒவ்வொரு ஊசிக்கும் நுனியில் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தார். எவ்வளவு பதனமாக வைத்தார் தெரியுமா? பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு குழல்கூட அசையவில்லை. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என்னைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் நீ நேராகக் கடைக்கு வந்தாய். பார்த்தாய். பிறகு சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். அப்பா கொடுத்த பொரி கடலையை வாங்கி, நின்ற இடத்திலேயே தின்றாய். பூசைக்கு வைத்ததை நாளைக்குத்தான் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதும், சரிப்பா என்றாய். ராத்திரி முழுக்க டப்பா கடையிலேயே இருந்தது. காலையில் எடுத்துக்கொண்டு, சென்னை பஸ் ஏறாமல் பெங்களூருக்கே திரும்பிவிட்டாய். சென்னை வேலை தள்ளிப் போச்சும்மா என்றாய். நானும் நம்பினேன்.

அப்புறம்தானே அந்த போன் வந்தது. அத்தை சொன்ன எடத்தையே பாருங்கம்மா, படிச்சது போதும், வந்துடறேன் என்றாய். சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

உன் அத்தை மலர்கொடி அரியலூரில் உட்கார்ந்துகொண்டு எத்தனை வருஷமாக இதற்குத் தவம் கிடக்கிறாள்! ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற அந்தப் பையன் அறிவரசன் குடும்பத்தை அவள் விட்டதே இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நானும் இதைத்தானே கேட்டுக்கொண்டு இருந்தேன்? உன் வயசுப் பெண்கள் எல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள் என்று உன்னிடம் எத்தனை தடவை அழுதிருக்கிறேன்? அது கிடைத்துவிட்டது. அரைநாள் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதற்கப்புறம் சோறு வடிக்கிறபோது, பாத்திரம் கழுவுகிறபோது, என்னமோ ஒன்று நெஞ்சில் இடறிக்கொண்டே இருந்தது. நாலு வருஷமாக என்னிடம் எதிர்த்து எதிர்த்துப் பேசிய பெண் ஒரே போனில் எப்படி ஒத்துக்கொண்டாள் என்று.

பொறுக்க முடியாமல் உன்கூட ஆராய்ச்சி செய்கிற கீதாஞ்சலிக்கு போன் போட்டேன். ஜெயங்கொண்டத்துப் பெண், நம்ம பேச்சு பேசுகிறவள், மறைக்க மாட்டாள் என்று தெரியும். அவள் முதலில் ஒன்னும் இல்லீங்கம்மா என்றாள். நான் விடவில்லை. கடைசியில் அழுதுவிட்டாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். நாங்கள் நுனி என்று பார்த்தது நுனியே இல்லையாம். அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுனி இருக்கிறதாம். கண்ணாடிக் குழலைச் சூடு காட்டி இழுத்து மெலிதாக்கி, உள்ளே வாயு விட்டுக் காய்ச்சினால் உள்பக்கம் கரி படியுமாம். பிறகு நுனிக் கண்ணாடியை மட்டும் ஆசிட்டில் கரைத்துக் கரியை வெளியே எடுக்க வேண்டுமாம். கூடக் கொஞ்சம் கரைத்தால் போச்சு, குறையக் கரைத்தாலும் போச்சு. ஒரு கைப்பிடி செய்தால் ஒன்றோ இரண்டோதான் தேறுமாம். அந்த டப்பாவில் இருந்தது நீ மாசக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தேற்றி எடுத்ததாம். ஒரு தூசி இடித்தாலே நொறுங்கிவிடுகிற நுனியாம். மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்தோம்மா, ஒண்ணுலகூட நுனி இல்ல, ஒரே சந்தனம், பாறை பாறையா கெடந்துச்சு என்றாள்.

எப்படியடி? எங்கள் கண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உடைந்தால் சத்தம் வரும், சில்லு சிதறும், கையில் குத்தும். முழுசாக இருக்கிற ஒன்று எப்படி உடைந்ததாக இருக்கும்? இன்னும் எனக்கு அது பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, அது தெரிகிறது.

இன்னொன்றும் சொன்னாள். உங்கள் சாரிடம் நீ சந்தனத்தைப் பற்றி மூச்சு விடவில்லையாம். பஸ்ஸில் கை தவறி டப்பா விழுந்துவிட்டது என்று சொன்னாயாம். இவ்வளவு அஜாக்கிரதையா என்று அவர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம், நீ தலையைக் குனிந்துகொண்டாயாம். கேட்டுவிட்டு அவரே, சரி, மறுபடியும் செய், சென்னையில் வேறு தேதி கேட்டுத் தருகிறேன் என்றாராம். நீதான் வேண்டாம் என்கிறாயாம். அங்கிளுக்கு மட்டும் தெரிய வேணாம்மா, செல்வி சத்தியம் வாங்கியிருக்கா என்றாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அதை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு! உன் அப்பா கடைக்கு வருகிற ஆளிடமெல்லாம், பூசையில வெச்ச வேள, சாமி கண்ணத் தொறந்துட்டாரு, கல்யாணமே வேணான்ன பொண்ணு சரின்னுடுச்சு என்று சொல்லிக்கொண்டு இருக்கிறார். நான் அதைக் கேட்டுக்கொண்டு டிபன் கேரியரைக் கழுவுகிறேன். உனக்கு அந்தப் பையனைப் பிடித்துத்தான் சரி என்றாயா? இல்லை, மறுபடி செய்து செய்து கை ஓய்ந்துவிட்டதா? இல்லை, மறுபடி செய்தால் ஏன் என்று அப்பா கேட்பார், அவருக்குத் தெரிந்துவிடும் என்றா? மூன்றில் எது என்று தெரியாமல் நான் எப்படி மாப்பிள்ளை வீட்டுக்கு வடை சுடுவேன்?

இதற்குமேல் இன்றைக்கு எழுத முடியவில்லை. மிச்சத்தை நாளைக்கு எழுதித் தபாலில் போடுகிறேன்.

புதன்கிழமை.

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்ததைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

மத்தியானம் சோறு கொண்டுபோனேன். கட்டக் கொடுத்த மோட்டாரைத் திரும்ப வாங்க வந்த ஆளிடம் மறுபடியும் அதே பாட்டு. சாமி கண்ணத் தொறந்துட்டாரு என்று. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, உன் சத்தியமும் ஞாபகம் இல்லை, எதிரில் வெளி ஆள் நிற்பதும் ஞாபகம் இல்லை. சாமி கண்ணத் தொறக்கல, நீங்க வெச்ச சந்தனத்துல ஒங்க பொண்ணு கண்ணு அவிஞ்சுது என்று கத்திவிட்டேன். அத்தனையும் கொட்டிவிட்டேன். மைக்ராஸ்கோப், பாறை, பஸ்ஸில் விழுந்ததாக நீ சொன்ன பொய், எல்லாம்.

அவர் கையிலிருந்த மோட்டாரை மூடி, நட்டை முடுக்கி, ஓட்டிக் காட்டி, அந்த ஆளிடம் கொடுத்து அனுப்பினார். பிறகு, எத்தினி ஒடஞ்சுது என்று கேட்டார். எல்லாம் என்றேன். நல்லாத்தான இருந்துச்சு, நல்லாத்தான இருந்துச்சு என்று இரண்டு தடவை சொன்னார். ராத்திரி தட்டில் கையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

இன்று காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். ஊசி உடைந்ததற்காகத்தான் வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அது இல்லையாம். கடைக்கு வர்றவன் எரிஞ்ச மோட்டார குடுப்பான், நான் கட்டுனது மறுபடி எரிஞ்சா கடை வாசல்ல நின்னு கிழி கிழின்னு கிழிப்பான், கிழிச்சுட்டு எங்கிட்டயேதான் திரும்பக் குடுத்துட்டுப் போவான், எம் பொண்ணு மட்டும் நான் குடுத்த பொரிய வாங்கித் தின்னுட்டு, வாய மூடிக்கிட்டுப் போயிருக்கா, அவளுக்கு நான் என்ன ஒண்ணு விட்ட சொந்தமா என்று கேட்டார். கேட்டுவிட்டு அழுதார், செல்வி. உன் அப்பா மதுரைவீரன், அவர் அம்மா செத்தபோதுகூட ஆம்பளை அழக் கூடாது என்று பந்தல் ஓரம் நின்ற மனுஷன்.

அவர் மனசு நோகக் கூடாது என்றுதானே நீ மறைத்தாய். அது எனக்குப் புரிகிறது. நீ மறைத்ததுதான் அவருக்கு நோகிறது. அதுவும் புரிகிறது. இரண்டும் சரியாக இருந்தால் தப்பு எங்கேயடி இருக்கிறது? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உடனே மலர்கொடிக்கு போன் போட்டு, வெள்ளிக்கிழமை வரச் சொல்லாதே, கொஞ்சம் பொறு என்றேன். ஏன், என்ன, யார் என்ன சொன்னார்கள் என்று பிடித்துக்கொண்டாள். எனக்கே தெரியாத காரணத்தை அவளுக்கு எப்படிச் சொல்ல? பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேக்கணும் என்று மட்டும் சொன்னேன். அவதான் சரின்னுட்டாளே, ஒனக்கு என்ன பைத்தியமா என்று வைத்துவிட்டாள். இருக்கலாம். இத்தனை வருஷம் சாமியிடம் கேட்ட வரத்தை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்றால் பைத்தியம்தான்.

அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல பையன், அடக்கமான பையன். உனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் நாளைக்கே பூ வைத்துக்கொள்ளலாம், நானே போய் மலர்கொடி காலில் விழுகிறேன். ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்பதற்காக ஒரு கல்யாணம் வேண்டாம். உனக்குப் பிடித்த வேலையைத் தொலைத்துவிட்டு நீ இங்கே வந்து நின்றால், நான் உன் முகத்தைப் பார்ப்பேனா, உன் அப்பா முகத்தைப் பார்ப்பேனா?

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இது கைக்கு வந்ததும் உன் அப்பாவுக்கு போன் போடு. பரவால்லப்பா என்று சொல்லாதே. தெரியாமத்தானப்பா செஞ்சீங்க என்றும் சொல்லாதே, அதைக் கேட்டால் மனுஷன் இன்னும் சுருங்கிப் போவார். திட்டு. எத்தனை மாசம் தூங்காமல் செய்தேன் தெரியுமா, யாரைக் கேட்டுத் திறந்தீர்கள் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டு. உன் சாரிடம் குனிந்த தலைக்கும் சேர்த்துத் திட்டு. எனக்கும் இரண்டு வை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். திட்டி ஓய்ந்ததும், சரி, மறுபடி எப்பச் செய்யப் போற என்று அவரே கேட்பார். கேட்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. அதற்கு மட்டும் யோசித்து, உண்மையான பதிலைச் சொல்லு. அது எதுவானாலும் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

காலையிலிருந்து போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேதான் காயில் கட்டுகிறார். அடிக்கும்போதெல்லாம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவசரமாக எடுத்துப் பார்க்கிறார். யாரோ மோட்டார் ஆயிடுச்சா என்று கேட்கிறார்கள்.

சீக்கிரம் திட்டு, கண்ணு.

நீ எங்கே இருந்தாலும் உன் கை நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அம்மா
இருசம்மாள்